கார்ல்டன் சென்டர்: ஜோஹானஸ்பர்க்கின் ஐம்பது மாடிக் கட்டடம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜோஹானஸ்பர்க்கின் மையப்பகுதிக்கு லெனேசியாவிலிருந்தும் டர்பனிலிருந்தும் வரும் நம் இளைஞர்களும், சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் விருந்தினர்களும் கமிஷனர் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்று போலவே இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் உயரத்தைப் பற்றியவை. ஆனால் இந்தக் கட்டடத்தின் கதையில் கூடுதலாகப் பேச வேண்டியது தரைக்குக் கீழே இருக்கிறது என்பது இதை எழுதுபவரின் கருத்து. பதில்களும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

கார்ல்டன் சென்டர் என்பது ஒரே கட்டடமா?

இல்லை. நகர மையத்தில் கமிஷனர் தெரு, மெயின் தெரு, க்ரூயிஸ் தெரு, வான் வீலிக் தெரு ஆகியவற்றுக்கு இடையே அமைந்த ஒரு வளாகத்தின் பெயர் அது. ஐம்பது மாடி அலுவலகக் கோபுரம், முப்பது மாடி ஹோட்டல் கட்டடம், இரண்டையும் நிலத்துக்கு அடியில் இணைக்கும் கடைத்தளங்கள், வாகன நிறுத்துமிடங்கள் ஆகியவை சேர்ந்ததே கார்ல்டன் சென்டர். பேச்சுவழக்கில் கார்ல்டன் என்றால் பலருக்கும் கோபுரம்தான் நினைவுக்கு வரும். அந்த வட்டாரத்தில் வேலை செய்பவர்களுக்கோ கீழே உள்ள கடைகள்தான்.

அதன் உயரம் எவ்வளவு? ஆப்பிரிக்காவின் உயரமான கட்டடம் இன்னும் அதுதானா?

223 மீட்டர். கட்டி முடிக்கப்பட்டபோது தென் அரைக்கோளத்திலேயே உயரமான கட்டடமாக இருந்தது, சிட்னியில் எம்.எல்.சி. சென்டர் எழுந்தபோது அந்தப் பெருமை கைமாறியது. ஆப்பிரிக்கக் கண்டத்தின் உயரமான கட்டடம் என்ற இடத்தை மட்டும் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் யாரும் பறிக்கவில்லை. 2019-இல் நகரின் வடக்கே சாண்டனில் எழுந்த லியோனார்டோ என்ற கட்டடம் அதை முந்தியது. பிறகு எகிப்தின் புதிய நிர்வாகத் தலைநகரில் எழுந்த கோபுரம் இரண்டையும் வெகு தூரம் பின்னே தள்ளிவிட்டது.

தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் ஹில்புரோ கோபுரத்தைக் கார்ல்டனைவிட உயரமானதாகக் காண்கிறார்கள். அது சரியே, அதன் உயரம் 269 மீட்டர். ஆனால் அது தொலைத்தொடர்புக்காக எழுப்பப்பட்ட கோபுரம் என்பதால் கட்டடங்களின் வரிசையில் எண்ணப்படுவதில்லை.

கார்ல்டன் என்ற பெயர் எப்படி வந்தது?

பழைய ஹோட்டல் ஒன்றிலிருந்து. தங்கமும் வைரமும் கொழித்த காலத்தில் பார்னி பார்னட்டோ என்ற சுரங்க முதலாளி, இந்த ஊருக்கு லண்டன் தரத்தில் ஒரு ஹோட்டல் வேண்டும் என்று திட்டமிட்டார். அவர் 1897-இல் இறந்துபோனார். ஹோட்டல் 1906-இல்தான் திறக்கப்பட்டது. 1963-இல் அது மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டது. புதிய வளாகத்தைத் திட்டமிட்டவர்கள் அந்தப் பெயரை விடாமல் எடுத்துக்கொண்டார்கள். பழைய ஹோட்டலின் பெயருக்கு நகரில் அவ்வளவு மதிப்பு இருந்தது.

1960-களில் இவ்வளவு பெரிய தொகையை இங்கே கொட்டியவர்கள் யார், ஏன்?

முதன்மையானது ஆங்கிலோ அமெரிக்கன் குழுமம். எர்னஸ்ட் ஓப்பன்ஹைமர் தொடங்கிய இந்தத் தங்க, வைர நிறுவனத்தை அப்போது அவருடைய மகன் ஹாரி ஓப்பன்ஹைமர் தலைமையேற்று நடத்தி வந்தார். கார்ல்டனிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், மெயின் தெரு 44-ஆம் எண்ணில் அதன் தலைமையகம் இருந்தது. நிறுவனத்தின் சொத்துப் பிரிவு எடுத்துக்கொண்ட இந்த வளாகத்துக்கு 88 மில்லியன் ராண்டுக்கு மேல் செலவானது. அந்தக் காலத்தில் ஒரு ராண்டின் மதிப்பு ஓர் அமெரிக்க டாலரைவிடக் கூடுதல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தத் தொகையைப் படிக்க வேண்டும்.

ஏன் என்ற கேள்விக்கு இரண்டு பதில்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1960-இல் ஷார்ப்வில்லில் காவல்துறை மக்களைச் சுட்டுக் கொன்றதை அடுத்து வெளிநாட்டு முதலீடு நாட்டைவிட்டு ஓடத் தொடங்கியது. அதைத் தடுக்க அரசு 1961-இல் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளை இறுக்கியது. ஆகவே இங்கே ஈட்டிய லாபத்தை வெளியே கொண்டுபோவது கடினமாகி, சுரங்கப் பணம் ஆலைகளிலும் வங்கிகளிலும் நிலத்திலும் கட்டடத்திலும் தேங்கியது. இன்னொரு பக்கம், அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில் நாட்டின் பொருளாதாரம் வேகமாக வளர்ந்தது. அந்த வளர்ச்சியின் பலன் யாருக்குப் போனது என்பது வேறு கதை. வெளியே போக முடியாத பணமும் உள்ளே பெருகிய நம்பிக்கையும் சேர்ந்தால் வானளாவிகள் எழும். அதே பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஸ்டாண்டர்ட் வங்கிக் கட்டடம், டிரஸ்ட் வங்கிக் கட்டடம், ஹில்புரோ கோபுரம், போன்டே சிட்டி எல்லாம் எழுந்தது தற்செயல் அல்ல.

கட்டடத்துக்காகத் தெருக்களையே மூடினார்கள் என்பது உண்மையா?

உண்மை. இந்த வளாகத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

1886-இல் தங்கம் கண்டெடுக்கப்பட்டவுடன் அவசரமாக அளந்து பிரிக்கப்பட்ட ஊர் ஜோஹானஸ்பர்க். சுரங்கத் தொழிலாளர் முகாம் சில ஆண்டுகளில் கலைந்துவிடும் என்ற எண்ணத்திலும், தெருமுனை மனைகளுக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்ற கணக்கிலும், மிகச் சிறிய தெருக்கட்டங்களாக நிலத்தை வகுத்தார்கள். கட்டங்கள் சிறிதாக இருந்தால் முனைகள் அதிகம், முனைகள் அதிகமானால் வருமானம் அதிகம். முகாம் கலையவில்லை, பெருநகரமாகிவிட்டது. இன்றும் நகர மையத்தில் நடப்பவர்கள் ஒன்றிரண்டு நிமிடங்களுக்கு ஒரு முறை ஒரு தெருவைக் கடக்க வேண்டியிருப்பது அந்தக் கணக்கின் விளைவே.

அத்தகைய சிறு கட்டம் ஒன்றில் பெரிய கோபுரத்தை எழுப்பினால் அதைச் சுற்றி மூச்சுவிட இடம் இருக்காது. வண்டிகளை நிறுத்தவும் சரக்கு இறக்கவும் வழி இருக்காது. எனவே கார்ல்டனுக்காக நான்கு கட்டங்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். அவற்றின் நடுவே குறுக்கும் நெடுக்குமாகப் போன ஃபாக்ஸ் தெருவும் ஸ்மால் தெருவும் அந்த இடத்தில் வளாகத்துக்குள் மறைந்தன. வடக்கிலிருந்து ஸ்மால் தெருவில் நடந்து வருபவர் கமிஷனர் தெருவைத் தாண்டியதும் கார்ல்டனுக்குள் நுழைந்துவிடுவது இதனால்தான். ஓர் ஊரின் வரைபடத்தையே மாற்றும் அதிகாரம் ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கிடைத்தது என்பதை அக்காலத்தவர் முன்னேற்றத்தின் அடையாளமாகப் பார்த்தார்கள். இன்றைய நகரத் திட்டமிடலாளர்கள் பலர் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

வடிவமைத்தவர்கள் யார்?

அமெரிக்காவின் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் என்ற நிறுவனம். சுருக்கமாக எஸ்.ஓ.எம். என்பார்கள். நியூயார்க்கிலும் சிகாகோவிலும் பெரு நிறுவனங்களுக்கான அலுவலகக் கோபுரங்களைக் கட்டிப் பெயர்பெற்ற அவர்களை அழைத்ததற்குக் காரணம் ஊகிக்கக் கூடியதே: கோபுரம், ஹோட்டல், அங்காடி, வாகன நிறுத்தம் அனைத்தையும் ஒரே திட்டமாகச் செய்த அனுபவம் அப்போது உலகில் மிகச் சிலரிடமே இருந்தது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் அதே நிறுவனம் ஏறத்தாழ அதே ஆண்டுகளில் கட்டிய நாற்பது மாடிக் கோபுரம் ஒன்று கார்ல்டனின் தம்பி போலத் தோன்றும். இன்று அதற்கு ஒன் செனெக்கா டவர் என்று பெயர். படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரே கை வரைந்தது என்பது புரியும்.

இதனால் தென்னாப்பிரிக்கக் கட்டடக்கலைஞர்களுக்கு நவீனத்துவம் புதிது என்று எண்ணிவிடக் கூடாது. 1930-களிலேயே ரெக்ஸ் மார்டியென்சன் என்ற ஜோஹானஸ்பர்க் கட்டடக்கலைஞரும் அவருடைய நண்பர்களும் ஐரோப்பாவில் நவீனத்துவக் கட்டடக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான ல கொர்பூசியேயுடன் கடிதத் தொடர்பில் இருந்தார்கள். 1936-இல் மார்டியென்சனுக்கு அவர் எழுதிய கடிதம் கட்டடக்கலை மாணவர்களிடையே இன்றும் புகழ்பெற்றது.

அடித்தளம் எவ்வளவு ஆழம்?

1967 ஜனவரியில் தோண்டத் தொடங்கினார்கள். 1969 ஜனவரியில்தான் தோண்டி முடித்தார்கள். இரண்டு ஆண்டுகள் மேலே எதுவும் எழவில்லை, நகரின் நடுவே பள்ளம் மட்டும் ஆழமாகிக்கொண்டே போனது. சுரங்கம் தோண்டுவதையே தொழிலாகக் கொண்ட ஊரில், சுரங்க நிறுவனம் ஒன்று கட்டடத்துக்காக இப்படித் தோண்டியதில் ஒரு பொருத்தம் உண்டு.

பள்ளத்தின் அடியிலிருந்து, 5 மீட்டர் விட்டமுள்ள பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தூண்கள் மேலும் 15 மீட்டர் இறங்கி, தெரு மட்டத்திலிருந்து ஏறத்தாழ 35 மீட்டர் ஆழத்தில் பாறையில் ஊன்றி நிற்கின்றன. 5 மீட்டர் விட்டம் என்றால் நம் வீடுகளின் வரவேற்பறை ஒன்று முழுதாக அதற்குள் அடங்கும். கோபுரத்தின் பாரமும் ஹோட்டலின் பாரமும் இவற்றின் வழியாகவே பாறைக்குப் போய்ச் சேருகின்றன.

வளாகத்தின் மொத்தத் தளப்பரப்பில் 46 விழுக்காட்டுக்கு மேல் தெரு மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அண்ணாந்து பார்ப்பவர்கள் காண்பது இந்தக் கட்டடத்தின் பாதியை மட்டுமே என்று இங்கே திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இந்த எண்தான்.

அப்படியானால் கோபுரம் பழைய தங்கச் சுரங்கங்களின் மேல் நிற்கிறதா?

இந்தக் கேள்வி கவலையுடன் கேட்கப்படுவது வழக்கம். கவலை வேண்டியதில்லை. தங்கம் கலந்த பாறை அடுக்கு நகர மையத்துக்குத் தெற்கே தரையில் தலைகாட்டி, அங்கிருந்து தெற்கு நோக்கிச் சரிவாக உள்ளே இறங்குகிறது. சுரங்கங்களும் அந்தச் சரிவைப் பின்தொடர்ந்து தெற்கு நோக்கியே போயின. ஆகவே வடக்கே உள்ள கமிஷனர் தெருப் பகுதி குடையப்படவில்லை. சுரங்கம் குடையப்பட்ட தெற்குப் பகுதியில் கட்டடங்களின் உயரத்துக்கு நீண்ட காலமாகக் கட்டுப்பாடுகள் இருந்துவந்தன. ஜோஹானஸ்பர்க்கின் வானளாவிகள் ரயில் நிலையத்துக்கும் மெயின் தெருவுக்கும் இடையே நெருக்கியடித்து நிற்பதற்கு நிலத்தடி வரலாறும் ஒரு காரணம்.

எஃகு இல்லாமல் கான்கிரீட்டிலேயே இவ்வளவு உயரம் கட்ட முடிந்தது எப்படி?

இரும்புக் கம்பி பதித்த கான்கிரீட். லிஃப்ட்களும் படிக்கட்டுகளும் குழாய்களும் கோபுரத்தின் நடுவே கனமான சுவர்களால் சூழப்பட்ட ஒரு மையத்தில் அடங்கியிருக்கின்றன; வெளிச்சுற்றில் தூண்கள் நிற்கின்றன; இரண்டுக்கும் இடையே அலுவலகத் தளங்கள் தடுப்பின்றி விரிகின்றன. காற்று ஒரு பக்கமாகத் தள்ளும்போது கட்டடம் வளையாமல் தாங்குவதில் நடுவிலுள்ள இந்த மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டி முடித்த காலத்தில் உலகின் மிக உயரமான கான்கிரீட் கட்டடங்களின் வரிசையில் கார்ல்டன் இடம்பெற்றது.

வெளிப்புறத்தில் கீழிருந்து மேல்வரை ஓடும் செங்குத்துப் பட்டைகளுக்கு இடையே சன்னல்கள் சற்று உள்வாங்கி அமைந்திருக்கின்றன. 1,700 மீட்டருக்கு மேல் உயர்ந்த பீடபூமியில் வெயில் கூர்மையாக விழும் ஊருக்கு, முழுக்கக் கண்ணாடி போர்த்திய கட்டடத்தைவிட இது பொருத்தமானது.

நவீனத்துவக் கட்டடம் என்றால் அழகுக்கு இடமே இல்லையா? பெட்டி போல அல்லவா இருக்கிறது?

அலங்காரத்தை விலக்கி, கட்டடம் எப்படி நிற்கிறது, எதற்காகப் பயன்படுகிறது என்பதையே அதன் தோற்றமாக்குவது நவீனத்துவத்தின் அடிப்படை. கார்ல்டன் கோபுரம் அந்த விதியைச் சற்றும் தளர்த்தாதது. மாலை வெயில் அந்தப் பட்டைகளில் சாய்வாக விழும்போது நிழலும் ஒளியும் மாறி மாறித் தெரிவதே அதன் அலங்காரம். கீழ்ப்பகுதியில் அகன்று மேலே ஒடுங்கும் ஹோட்டல் கட்டடத்தில்தான் சிற்ப உணர்வு கூடுதல். கோபுரத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுபவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

குறை சொல்ல வேண்டுமானால், அதன் தோற்றத்தைவிடத் தெருவோடு அதன் உறவைச் சொல்லலாம். மக்கள் நடமாட்டத்தைத் தெருவிலிருந்து பிரித்துக் கீழே கொண்டுபோய், குளிரூட்டிய, காவல் உள்ள, வெயிலும் மழையும் படாத ஓர் உலகத்தை உருவாக்கியது இந்த வடிவமைப்பு. உள்ளே வந்தவருக்கு வசதி. ஆனால் வெளியே கமிஷனர் தெருவில் நடப்பவருக்கு, முன்பு கடைவாசல்கள் இருந்த இடத்தில் நீண்ட சுவரும் வாகன நுழைவாயில்களும் எஞ்சின. அந்த வட்டாரத்தின் பின்னாளைய சரிவுக்கு இதையே முழுக் காரணமாக்குவது நியாயமல்ல. ஆயினும் தெருவுக்கு முதுகு காட்டும் கட்டடங்கள் தெருவைக் காப்பாற்ற உதவுவதில்லை.

சென்னை எல்.ஐ.சி. கட்டடத்தோடு இதை ஒப்பிடலாமா?

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் தவறாமல் கேட்பது இது. உயரத்தில் ஒப்பீடே இல்லை: 1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடத்துக்குப் பதினான்கு மாடிகள், கார்ல்டனுக்கு ஐம்பது. ஆனால் கதைகள் வியக்கத்தக்க அளவு பொருந்துகின்றன. மவுண்ட் ரோடு கட்டடத்தைத் தம் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் திட்டமிட்ட தொழிலதிபர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், அது முடிவதற்கு முன்பே 1954-இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் உயிரிழந்தார். 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாக்கப்பட்டதால் கட்டடம் அரசுக் கழகத்தின் கைக்குப் போனது. இங்கேயும் முதல் கார்ல்டனைக் கனவு கண்டவர் அதைப் பார்க்கவில்லை. இன்றைய கார்ல்டனும் தனியார் நிறுவனத்திடமிருந்து அரசு நிறுவனத்தின் கைக்கே போய்ச் சேர்ந்தது. வேறுபாடு ஒன்று உண்டு: எல்.ஐ.சி. கட்டடம் அண்ணா சாலையைப் பார்த்து நிற்கிறது, பேருந்து நிறுத்தத்துக்கே அதன் பெயர்தான். கார்ல்டன் தனக்குள்ளே பார்த்து நிற்கிறது.

நிறவெறி ஆட்சியில் தமிழர்கள் இங்கே போய்வர முடிந்ததா?

கடைகளில் பணம் கொடுத்துப் பொருள் வாங்குவதற்குத் தடை இருக்கவில்லை. உணவகத்தில் உட்காருவது, கழிப்பறையைப் பயன்படுத்துவது, ஹோட்டலில் தங்குவது எல்லாம் வேறு. 1953-ஆம் ஆண்டின் தனித்தனி வசதிகள் சட்டம் நாடு முழுதும் பொது இடங்களை இன வாரியாகப் பிரித்திருந்தது. 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் யார் எங்கே வசிக்கலாம், எங்கே வணிகம் செய்யலாம் என்பதைத் தீர்மானித்தது. நகர மையம் வெள்ளையர் பகுதி. இந்திய வம்சாவளியினர் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் லெனேசியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கிருந்து ரயிலில் வந்து வேலை செய்துவிட்டு மாலையில் திரும்ப வேண்டும்.

கார்ல்டன் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதற்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் இன்னொரு வணிக வளாகமும் உருவானது. ஃபியெட்டாஸ் என்று அழைக்கப்பட்ட பேஜ்வியூ பகுதியின் பதினான்காம் தெருவில் தலைமுறைகளாகக் கடை வைத்திருந்த இந்திய வணிகர்களை அப்புறப்படுத்தி, ஃபோர்ட்ஸ்பர்க்கில் கட்டப்பட்ட ஓரியன்டல் பிளாசாவுக்குள் போகச் சொன்னது அரசு. அதுவும் தெருவை விட்டு உள்நோக்கித் திரும்பிய வளாகமே. ஒன்று முதலாளிகள் விரும்பிக் கட்டியது. மற்றொன்று வணிகர்கள் மீது சுமத்தப்பட்டது. ஓரியன்டல் பிளாசாவில் துணி வாங்கிவிட்டுச் சமோசா தின்றுகொண்டே வரும் இன்றைய தலைமுறை இரண்டையும் சேர்த்து நினைப்பதில்லை. 1970-களின் ஜோஹானஸ்பர்க்கைப் படிக்க விரும்புபவர் இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது.

அதற்கு முந்தைய தலைமுறையின் தடமும் அருகிலேயே இருக்கிறது. கார்ல்டனிலிருந்து மேற்கே சிறிது தூரம் நடந்தால் காந்தி சதுக்கம். ரிசிக் தெருவும் ஆன்டர்சன் தெருவும் சந்திக்கும் இடத்தில் காந்தியின் வழக்கறிஞர் அலுவலகம் இருந்தது. அவருடைய சத்தியாக்கிரகத்தில் தம்பி நாயுடுவின் தலைமையில் சிறை சென்றவர்களில் ஜோஹானஸ்பர்க் தமிழர்கள் பெரும்பங்கினர் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஹோட்டலுக்கு என்ன ஆயிற்று?

1972-இல் திறக்கப்பட்ட கார்ல்டன் ஹோட்டலில் 600-க்கும் மேற்பட்ட அறைகள் இருந்தன. நாட்டின் மிக ஆடம்பரமான விடுதி என்று பேசப்பட்டது. 1970-களின் நடுவில் சில ஹோட்டல்களுக்கு அரசு பன்னாட்டுத் தகுதி என்ற பெயரில் விலக்கு அளித்தபோது, கறுப்பின விருந்தினரும் தங்க அனுமதி பெற்றவற்றில் இதுவும் ஒன்று. 1979 நவம்பரில் பிரதமர் பி.டபிள்யூ. போத்தா நாட்டின் பெருமுதலாளிகளை அழைத்து இங்கேதான் மாநாடு நடத்தினார். முதல் அனைத்தின மக்களாட்சித் தேர்தலுக்குப் பிறகு, 1994 மே 2-ஆம் நாள் நெல்சன் மண்டேலா வெற்றியை அறிவித்துப் பேசியதும் இங்கேதான். பதினைந்தே ஆண்டுகளுக்குள் ஒரே கட்டடத்தில் இவ்விரண்டும் நடந்தன.

அதன்பின் மூன்று ஆண்டுகள்கூட ஹோட்டல் செழிப்பாக நடக்கவில்லை. 1990-களின் இறுதியில் மூடப்பட்டது. அறைகள் பூட்டப்பட்டு, கட்டடம் வெறுமையாக நின்றது. இந்த வளாகத்தின் வரலாற்றில் மனத்தை உறுத்தும் பகுதி இதுதான்: கோபுரத்தைப் பற்றி எழுதுவோர் ஆயிரம் பேர், முப்பது மாடி காலியாக நிற்பதைப் பற்றிக் கேட்பவர் சிலரே.

நிறுவனங்கள் ஏன் நகர மையத்தை விட்டுப் போயின? கோபுரம் மலிவாக விற்கப்பட்டது உண்மையா?

பலரும் குற்றச்செயல்களை மட்டும் காரணமாகச் சொல்வார்கள். அது ஒரு காரணமே. வெள்ளையர் குடியிருப்புகள் வடக்கு நோக்கி நகர்ந்தபோது, காரில் வேலைக்குப் போகும் மேலாளர்களுக்கு நகர மையம் தூரமாகிவிட்டது. சாண்டனிலும் ரோஸ்பேங்கிலும் நிலம் மலிவாகவும் வாகன நிறுத்தம் தாராளமாகவும் கிடைத்தது. கறுப்பினத்தவரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய அனுமதிச்சீட்டுச் சட்டங்கள் 1986-இல் நீங்கி, குழுப் பகுதிகள் சட்டம் 1991-இல் ஒழிந்தபோது நகர மையம் எல்லோருக்கும் திறந்தது. திறந்தவுடன் பழைய முதலீட்டாளர்கள் வெளியேறத் தொடங்கினார்கள் என்பதை நாகரிகமான சொற்களால் மூடி மறைக்க முடியாது. பங்குச் சந்தையும் 2000-இல் டயகனல் தெருவை விட்டுச் சாண்டனுக்குப் போனது.

விற்பனை பற்றிய செய்தியும் உண்மையே. 1999-இல் அரசுப் போக்குவரத்து நிறுவனமான டிரான்ஸ்நெட் இந்த வளாகத்தை 33 மில்லியன் ராண்டுக்கு வாங்கியது. கட்ட ஆன செலவு 88 மில்லியனுக்கு மேல் என்பதோடு, இடையில் ராண்டின் மதிப்பு ஒரு டாலருக்கு ஆறு ராண்ட் என்ற அளவுக்கு இறங்கியிருந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் வீழ்ச்சியின் ஆழம் தெரியும். இத்தனைக்கும் கட்டடத்தில் குறை ஏதும் இல்லை. பின்னாளில் டிரான்ஸ்நெட்டும் தன் தலைமையகத்தை வடக்கே மிட்ரான்ட் பக்கம் மாற்றிக்கொண்டது.

அப்படியானால் இது கைவிடப்பட்ட இடமா?

இல்லவே இல்லை. மாதக் கடைசியில் சம்பளம் வந்த சனிக்கிழமை கீழ்த்தளத்துக்குப் போனால் நடக்க இடம் கிடைக்காது. துணிக்கடைகள், கைபேசிக் கடைகள், மூக்குக்கண்ணாடிக் கடைகள், வறுத்த கோழி விற்கும் உணவகங்கள், வங்கிகள் எல்லாம் நிறைந்திருக்கின்றன. மொசாம்பிக்கிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் மொத்தமாகச் சரக்கு வாங்க நகர மையத்துக்கு வருபவர்களும் இங்கே எட்டிப் பார்க்கிறார்கள். அலுவலகங்கள் வெளியேறினாலும் நிலத்தடியில் இருந்த பாதி தொடர்ந்து உழைத்தது. பணக்கார வெள்ளையருக்காகத் திட்டமிடப்பட்ட கடைத்தளம், யாரை மனத்தில் வைத்துக் கட்டப்படவில்லையோ அவர்களாலேயே பிழைத்திருக்கிறது.

ஐம்பதாவது மாடிக்குப் போய்ப் பார்க்கலாமா?

டாப் ஆஃப் ஆப்பிரிக்கா என்ற பெயரில் பார்வைத்தளம் ஒன்று பல ஆண்டுகள் நடந்தது. அது எல்லா நாளும் திறந்திருக்கும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மேலே போக முடிந்தால் தெற்கே பாருங்கள்: சுரங்கக் கழிவைக் கொட்டி உருவான மஞ்சள் நிற மேடுகள் வரிசையாகத் தெரியும். வடக்கே ஹில்புரோ கோபுரமும், வடகிழக்கில் போன்டே சிட்டியின் உருளை வடிவமும். கோடையில் பிற்பகல் இடிமழைக்கு முன்பே இறங்கிவிடுவது நல்லது.

அதே நடையில் வேறு எந்தக் கட்டடத்தைப் பார்க்கலாம்?

நேரம் குறைவென்றால் ஒன்றே ஒன்று: மேற்கே ஃபாக்ஸ் தெருவில் உள்ள ஸ்டாண்டர்ட் வங்கிக் கட்டடம். ஜெர்மானியக் கட்டடக்கலைஞர் ஹெல்முட் ஹென்ட்ரிக்கின் நிறுவனம் வடிவமைத்து, ஏறத்தாழ 1970-இல் முடிந்த இது 139 மீட்டர் உயரமுள்ளது. இதன் தளங்கள் கீழிருந்து தூண்களால் தாங்கப்படவில்லை. நடுவே ஒரு கான்கிரீட் மையத்தை முதலில் எழுப்பி, அதன் மூன்று உயரங்களில் பக்கவாட்டில் நீளும் கைகளை அமைத்து, ஒவ்வொரு கையிலிருந்தும் ஒரு தொகுதி மாடிகளைத் தொங்கவிட்டார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் மேல் மாடி முதலில், கீழ் மாடி கடைசியில். இப்படிச் செய்ததால் அடியில் தூண்களின் காடு இல்லாமல், தெரு மட்டம் திறந்து கிடக்கிறது.

கூடுதலாக ஒரு மணி நேரம் இருந்தால் டயகனல் தெருவரை போகலாம். ஹெல்முட் யான் வடிவமைத்த, 1984-இல் முடிந்த கண்ணாடிக் கட்டடம் அங்கே பட்டை தீட்டிய வைரத்தின் வடிவில் நிற்கிறது. அதன் எதிர்ப்புறத்தில் பழைய இந்திய வணிகர்கள் கட்டிய, முன்பக்கம் தாழ்வாரம் வைத்த கடைகளின் வரிசை அந்தக் கண்ணாடியில் பிரதிபலிக்கும். கம்பளிப் போர்வையும் நாட்டு மருந்தும் விற்கும் அந்தக் கடைகள் மாலை ஐந்து மணிக்கெல்லாம் அடைக்கத் தொடங்கிவிடும் என்பதால், கார்ல்டனைக் காலையிலேயே முடித்துவிட்டு அங்கே போவது வசதி.